சுரங்கம் தாண்டியதும் ஒரு சிவப்பு விளக்கு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சவுத் ஸ்டேஷன் ரயில் நிலையத்துக்கு அடியில் பேருந்துகளுக்கென்றே ஒரு சுரங்கம் உண்டு. சில்வர் லைன் என்ற விரைவுப் பேருந்துத் தடத்துக்காக 2004 டிசம்பரில் அதைத் திறந்தார்கள். நீளம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். செலவோ 60 கோடி டாலர் அளவில். நடைமேடை, நகரும் படிக்கட்டு, உள்ளே நுழையும்போதே கட்டணம் வாங்கிக்கொள்ளும் வாயில் என்று பார்ப்பதற்கு மெட்ரோ ரயில் நிலையமேதான், தண்டவாளம் மட்டும் இருக்காது. மூன்று நிலத்தடி நிலையங்களைக் கடந்ததும் பேருந்து சரிவேறி வெளிச்சத்துக்கு வருகிறது. வந்த இடத்திலேயே டி ஸ்ட்ரீட் என்றொரு தெரு குறுக்கே போகிறது. அங்கே ஒரு சிக்னல். சிவப்பு விழுந்திருந்தால், 60 கோடி டாலர் சுரங்கத்திலிருந்து வெளியே வந்த பேருந்து அந்தத் தெருவில் போகும் நாலு காருக்காக நின்றுவிட்டுத்தான் போக வேண்டும்.

அதற்கப்பால் இன்னொரு வேடிக்கை. இந்தப் பேருந்துகளில் லோகன் விமான நிலையத்துக்குப் போகிறவை, துறைமுகத்துக்கு அடியில் செல்லும் டெட் வில்லியம்ஸ் சுரங்கச் சாலையில் நுழைந்தாக வேண்டும். பேருந்துத் தடம் முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சாலைக்கு இறங்கும் சரிவுப் பாதை ஒன்று இருக்கிறது. ஆனால் அதை மாநிலக் காவல்துறைக்கும் அவசர ஊர்திகளுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். 2005-இல் விமான நிலையச் சேவை தொடங்கிய பிறகு பல ஆண்டுகள், கண்ணெதிரே கிடந்த பாதையை விட்டுவிட்டு, பேருந்துகள் தெருத் தெருவாகச் சுற்றி வேறொரு வாயில் வழியாக அதே சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. பொதுப் போக்குவரத்து ஆர்வலர்கள் இதைச் சுட்டிக்காட்டிச் சலித்தார்கள். அந்தப் பாதையில் பேருந்து விட ஒரு மூட்டை சிமெண்ட் செலவில்லை. ஓர் இலாகா இன்னோர் இலாகாவுக்கு அனுமதி தர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனை வாங்கியவர்கள் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதற்குள் போக்குவரத்துப் பொறியியலின் ஓர் அடிப்படை உண்மை இருக்கிறது. பேருந்தின் தாமதம் வழி நெடுகச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில சந்திப்புகளில், சில நிறுத்தங்களில், சில நூறு மீட்டர்களில் குவிந்து கிடக்கிறது. குவிந்த இடம் தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் மலிவானதுதான். கட்டுமானத்துக்குக் கோடிகளை வாரிக் கொடுக்கிற நகரங்கள் இந்த மலிவு மருந்துக்கு ஏன் தயங்குகின்றன என்பது பொறியியலைத் தாண்டிய கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

விரைவுப் பேருந்துத் தடம், சுருக்கமாக பி.ஆர்.டி., பிரேசிலின் குரிடிபா நகரில் 1974-இல் பிறந்தது. கட்டடக்கலை படித்த ஜெய்மே லெர்னர் அப்போது அங்கே மேயர். மெட்ரோ ரயில் கட்டப் பணமில்லாத ஊர், சாலையின் நடுப்பகுதியைப் பேருந்துக்கென்று பிரித்துக் கொடுத்தது. 2000-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரம் டிரான்ஸ்மிலேனியோ என்ற பெயரில் அதையே பெரிய அளவில் செய்துகாட்டியது. பணக்கார பாஸ்டனுக்கு இந்த யோசனை வந்து சேர்ந்த வழி கொஞ்சம் கசப்பானது. அங்கே வாஷிங்டன் ஸ்ட்ரீட்டின் மேல் 1901 முதல் உயர்மட்ட ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1987-இல் அதைப் பிரித்து, ரயிலை வேறு பாதைக்கு மாற்றினார்கள். ராக்ஸ்பரி பகுதியின் கறுப்பின மக்களுக்கு, ‘இதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்று தருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 2002-இல், அந்தத் தெருவுக்கு வந்தது சில்வர் லைன் பேருந்து. தெருவில் பேருந்துக்கென்று கோடு போட்டார்கள். ஓரத்தில் நிறுத்திய கார்களின் வரிசைக்கு வெளியே, அந்தக் கோட்டுக்குள் இன்னொரு வரிசையாகக் கார்கள் நின்றன. ரயிலுக்கு இது ஈடா என்று மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

சரி, பேருந்து ஏன் மெதுவாகப் போகிறது? எஞ்சினுக்கு வலுவில்லாமல் இல்லை. நகரப் பேருந்து ஒன்றின் பயண நேரத்தைப் பிரித்துப் பார்த்தால், உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் பல ஊர்களில் பாதிதான் தேறும். மீதியை நிறுத்தங்களும் சிக்னல்களும் வாகன நெரிசலும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

நிறுத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 11 மீட்டர். நிற்கிற பயணிகள் தடுமாறாதபடி விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், பேருந்து நிற்க 11 விநாடி ஆகும். அந்த 11 விநாடியில் அது கடக்கும் தூரம், நிற்காமல் போயிருந்தால் கடந்திருக்கும் தூரத்தில் பாதி. ஆக, அஞ்சரை விநாடி நஷ்டம். மறுபடி வேகமெடுக்கும்போது இன்னொரு அஞ்சரை. ஒருவர்கூட ஏறாவிட்டாலும், கதவே திறக்காவிட்டாலும், நின்றதற்கு அபராதம் 11 விநாடி. அதற்கு மேல்தான் ஏறி இறங்கும் நேரம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் பெட்டியில் காசு போட்டுவிட்டு ஏறும் முறையில் ஒருவருக்கு நாலு விநாடி என்று வைத்தால் 20 பேருக்கு 80 விநாடி. கட்டணத்தை நடைமேடையிலேயே வாங்கிவிட்டு மூன்று கதவுகளையும் திறந்துவிட்டால் அதே 20 பேர் இருபது விநாடிக்குள் ஏறிவிடுவார்கள். லோகன் விமான நிலையத்தில் சில்வர் லைன் ஏறுகிறவர்களுக்கு 2012 முதல் கட்டணமே கிடையாது. தள்ளுபெட்டியோடு வந்து, ஊர் தெரியாமல், டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்று தவிக்கிற பயணிகளை அது காப்பாற்றுகிறது. அவர்களுக்குப் பின்னால் நிற்கிற பேருந்தையும் காப்பாற்றுகிறது. தர்மம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, பொறியியல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

நிறுத்தங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது செலவே இல்லாத மாற்றம், ஆனால் மிகவும் கசப்பான மாற்றம். வீட்டு வாசலில் இருக்கும் நிறுத்தத்தை எடுத்துவிட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2000 ஜூனில் இதற்கு ஒரு வழி கண்டது. உள்ளூர்ப் பேருந்துகளை அப்படியே விட்டுவிட்டு, வில்ஷயர், வென்சுரா என்ற இரண்டு பெருஞ்சாலைகளில் மெட்ரோ ராபிட் என்ற சிவப்புப் பேருந்துகளைத் தனியாக இறக்கியது. கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில்தான் நிறுத்தம். தாழ்தளப் பேருந்து. சிக்னலில் சலுகை. தொடக்கத்தில் தனித் தடம்கூடக் கிடையாது, எல்லா வாகனங்களோடும் கலந்துதான் ஓடியது. அப்படியும் பயண நேரம் ஒரு தடத்தில் 29 சதவிகிதமும் இன்னொன்றில் 23 சதவிகிதமும் குறைந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிக்னல் சலுகையால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

இந்த சிக்னல் சலுகை இருக்கிறதே, அதன் கணக்கு அழகானது. ஒரு சிக்னலின் முழுச் சுற்று 90 விநாடி என்றும், பேருந்து வரும் பக்கம் அதில் 50 விநாடி சிவப்பு என்றும் வைத்துக்கொள்வோம். பேருந்து எந்த விநாடியிலும் வந்து சேரலாம். பச்சையில் வந்தால் காத்திருப்பு இல்லை. சிவப்பு விழுந்த கணத்தில் வந்தால் 50 விநாடி. சிவப்பின் கடைசியில் வந்தால் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சராசரி பார்த்தால் ஒரு பேருந்துக்கு 14 விநாடி வருகிறது. இப்போது, பேருந்து நெருங்கி வருவதை ஜிபிஎஸ் வழியாக சிக்னலே தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் மட்டும் பச்சையைப் பத்து விநாடி நீட்டிக்கிறது என்று வைப்போம். யாருக்கு இந்த நீட்டிப்பு தேவைப்படும்? சிவப்பு விழுந்த முதல் பத்து விநாடிக்குள் வந்து மாட்டிக்கொள்ளவிருந்த பேருந்துக்கு மட்டும். அதாவது ஒன்பதில் ஒன்றுக்கு. ஆனால் அந்த ஒன்று மிச்சப்படுத்துவது பத்து விநாடி இல்லை, சராசரியாக 45 விநாடி. எல்லாப் பேருந்துக்குமான சராசரிக் காத்திருப்பு 14 விநாடியிலிருந்து ஒன்பதுக்கு இறங்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபம்.

குறுக்குத் தெருவில் நிற்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று போக்குவரத்துக் காவலர்கள் கேட்பது வழக்கம். அதற்கும் கணக்கு இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகிற தடத்தில், ஒன்பதில் ஒன்றுக்கு மட்டும் நீட்டிப்பு என்றால், அரை மணிக்கு ஒரு முறை குறுக்குத் தெரு பத்து விநாடியை இழக்கிறது. எதிர்த்திசைப் பேருந்தையும் சேர்த்தால் கால் மணிக்கு ஒரு முறை. அடுத்த சுற்றிலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தாமதமாக ஓடும் பேருந்துக்கு மட்டும் சலுகை, நேரத்துக்கு ஓடுவதற்கு இல்லை என்று நிபந்தனை போட்டால் இழப்பு இன்னும் குறையும். டி ஸ்ட்ரீட் போன்ற ஓர் இடத்தில் இதைச் செய்யாமல் விடுவதற்குப் பொறியியலில் காரணம் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

ஆனால் இந்த மந்திரம் பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, பேருந்து சிக்னலுக்கு எப்போது வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால் அது முடியாது. எத்தனை பேர் ஏறுவார்கள், யார் சில்லறை தேடுவார்கள் என்று எந்தக் கணினிக்குத் தெரியும்? பச்சை நீண்டு நீண்டு வீணாகும், கடைசிப் பயணி ஏறி முடிக்கையில் சிவப்பு விழும். நிறுத்தத்தைச் சந்திப்புக்கு அந்தப்பக்கம், முப்பது நாற்பது மீட்டர் தள்ளி வைத்தால் பேருந்து முதலில் பச்சையைக் கடந்துவிட்டு அப்புறம் நிதானமாக ஆள் ஏற்றலாம். ஒரு கம்பத்தைப் பிடுங்கி நடும் வேலை. நிழற்குடையும் இருந்தால் கொஞ்சம் கூடுதல்.

இரண்டாவது நிபந்தனை, பேருந்து சிக்னலுக்குப் பக்கத்திலாவது வந்து சேர வேண்டும். இருபது கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பேருந்துக்குப் பத்து விநாடி நீட்டிப்பால் ஒரு பயனும் இல்லை. இங்கேதான் வரிசை தாண்டும் தடம் வருகிறது. சாலை முழுவதும் பேருந்துத் தடம் போட இடமில்லை என்று கைவிரிப்பவர்களுக்கான பதில் இது. வாகனங்கள் சந்திப்புக்கு முன்னால்தான் வரிசை கட்டுகின்றன. சந்திப்பைத் தாண்டியதும் கலைந்து ஓடிவிடுகின்றன. எனவே வரிசை நீளும் அந்த நூறு மீட்டருக்கு மட்டும் ஓரத்தில் பேருந்துக்கு வழிவிட்டு, மற்றவர்களுக்கு நாலைந்து விநாடி முன்னதாகப் பேருந்துக்குத் தனிப் பச்சை காட்டினால் போதும். பேருந்து வரிசையின் தலைமாட்டுக்கு வந்து, முதல் ஆளாகக் கிளம்பி, சாதாரணத் தடத்தில் கலந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தடத்தால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி அந்த நூறு மீட்டரில் கிடைத்துவிடும். இழக்க வேண்டியது பத்துப் பதினைந்து கார் நிறுத்தும் இடங்கள்.

அந்தப் பத்துப் பதினைந்து இடங்களில்தான் சண்டையே. மேலைநாட்டு நகரத் தெருக்களில் ஓரமாகக் கார் நிறுத்தும் இடத்தைப் பிறப்புரிமைபோல நினைப்பார்கள். அதை எடுக்கப்போவதாகப் பொதுக்கூட்டம் போட்டால் வருகிறவர்களில் பாதிப்பேர் கடைக்காரர்கள், மீதிப்பேர் அந்தத் தெருவில் கார் வைத்திருப்பவர்கள். காலை ஏழு மணிப் பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிற நூறு பேர் அந்தக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அவர்களுக்கு நேரமிருக்காது, அழைப்பும் போயிருக்காது. படம் போட்டு, ஆய்வு செய்து, கருத்துக் கேட்டு, திருத்தி, மறுபடி படம் போட்டு ஐந்து வருடம் ஓடிவிடும்.

பாஸ்டனை ஒட்டினாற்போல் இருக்கும் எவரெட் என்ற சிறு நகரம் இந்தச் சடங்கையே தலைகீழாக்கியது. எவரெட்டுக்கு ரயில் நிலையம் கிடையாது. பிராட்வே என்ற தெரு வழியாகப் பேருந்தில் போய் சல்லிவன் ஸ்கொயர் நிலையத்தில் ரயில் ஏற வேண்டும். 2016 டிசம்பரில் ஒரு நாள் விடியுமுன் நகராட்சி ஊழியர்கள் வந்து, பிராட்வேயில் கார் நிறுத்தும் ஓரத்தை ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து அடைத்தார்கள். காலை நாலு மணியிலிருந்து ஒன்பது வரை அந்த ஓரம் பேருந்துக்கு. ஒன்பதுக்குக் கூம்புகளை எடுத்துவிட்டால் மறுபடி கார்களுக்கு. கடைகள் பெரும்பாலும் திறக்காத நேரம் என்பதால் கடைக்காரர்கள் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. ஒரு வாரச் சோதனை என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். அந்தப் பகுதியைக் கடக்கும் நேரம் இருபது முப்பது சதவிகிதம் குறைந்ததும், வாரம் முடிந்தும் கூம்புகளை எடுக்க மனம் வரவில்லை. மறு வருடம் கூம்பு போய்த் தரையில் நிரந்தரமாக வண்ணம் வந்தது.

எனக்கு இதில் பிடித்தது கூம்பின் மலிவு அல்ல, அதன் நேர்மை. வரைபடத்தைக் காட்டி ‘இப்படி இருக்கும்’ என்று சொன்னால் ஆளுக்கொரு பயத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். தெருவிலேயே செய்துகாட்டினால் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று அவரவர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சரிப்படவில்லையென்றால் ஒரு லாரியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய்விடலாம். சோதனைச்சாலையைத் தெருவுக்கே கொண்டுவருவது இது. 2018-இல் பாஸ்டன் மாநகரமே எவரெட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ராஸ்லிண்டேல் பகுதியில், ஒன்பது வழித்தடப் பேருந்துகள் ஒரே தெருவில் நெருக்கிக்கொண்டு ஃபாரஸ்ட் ஹில்ஸ் நிலையத்துக்குப் போகும் இடத்தில், அதேபோல் காலை நேரத்துக்கு மட்டும் கூம்பு வைத்துப் பார்த்தது. அந்தத் தெருவில் காலையில் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பேருந்தில் போகிறவர்கள் என்பதை முதலில் எண்ணிக் காட்டியது. சோதனை நடந்த சில வாரங்களிலேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

வாகனங்களை எண்ணாமல் மனிதர்களை எண்ணுவது என்ற இந்த எளிய காரியம் நிறைய வாதங்களை முடித்துவைக்கும். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பான நாக்டோ ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கார்கள் ஓடும் நகரத் தெருவின் ஒரு தடம் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுபோகும். அதே அகலத்தைப் பேருந்துக்கு மட்டும் கொடுத்தால் 4,000 முதல் 8,000 பேர். காலியாகக் கிடப்பதுபோலத் தெரிகிற பேருந்துத் தடம்தான் உண்மையில் அதிகம் பேரைச் சுமக்கிறது. நெரிசலில் நிற்கும் காரிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்குப் படுவது வெறும் தார்தான்.

தில்லியின் அனுபவம் இதற்குச் சாட்சி. 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு சாலை நடுவே பேருந்துத் தடம் போட்டார்கள். பேருந்துகள் வேகமாகப் போயின. சிராக் தில்லி சந்திப்பில் கார்கள் நெடுநேரம் நின்றன. ஏகப்பட்ட திசைகளுக்கு முறை வைத்துப் பச்சை காட்டியதில் சிக்னல் சுற்று நீண்டுபோனது. அந்தச் சந்திப்பின் புகைச்சல் தடம் முழுவதன் பெயரையும் கெடுத்தது. உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2012-இல் நீதிமன்றம் பேருந்துத் தடத்தின் பக்கம் நின்றது. ஆனாலும் 2016-இல் அதை உடைத்து எடுத்துவிட்டார்கள். கான்கிரீட்டில் கட்டிய தடத்தின் விதியை ஒரு சந்திப்பின் சிக்னல் நேரமே பெருமளவு தீர்மானித்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூம்பு வைத்துப் பழகியிருந்தால் அந்தச் சந்திப்பைப் பற்றி முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

கோடு போட்டால் மட்டும் போதுமா? வாஷிங்டன் ஸ்ட்ரீட்டில் போதவில்லை என்று பார்த்தோம். ஒரே ஒரு சரக்கு வண்டி ‘அஞ்சு நிமிஷம்’ என்று நிறுத்திவிட்டுப் போனால், அந்த அஞ்சு நிமிடமும் வருகிற பேருந்து ஒவ்வொன்றும் பக்கத்துத் தடத்தில் இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டும். இதற்கு முதல் மருந்து சிவப்பு வண்ணம். சான்பிரான்சிஸ்கோ நகரம் 2013-இல் சர்ச் ஸ்ட்ரீட்டின் பேருந்துத் தடம் முழுவதையும் சிவப்பாகப் பூசிப் பார்த்தது. அத்துமீறல்கள் குறைந்தன. வெள்ளைக் கோட்டைத் தெரியாமல் தாண்டினேன் என்று சொல்லலாம். சிவப்புக் கம்பளத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் அமெரிக்க ஒன்றிய நெடுஞ்சாலைத் துறையே இந்தச் சிவப்புக்குப் பொது அனுமதி கொடுத்தது. அடுத்த மருந்து, பேருந்தின் நெற்றியிலேயே காமிரா வைத்து மறிக்கும் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு அனுப்புவது. நியூயார்க் இதைப் பல வருடமாகச் செய்கிறது.

ஓரத் தடத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அமெரிக்காவில் வண்டிகள் நம்மூருக்கு நேர்மாறாக வலப்பக்கம் போகும். வலப்பக்கம் திரும்புகிற கார்கள் ஓரத் தடத்துக்குள் நுழைந்து, சாலை கடக்கிற ஆட்களுக்காக நிற்கும். பின்னால் பேருந்தும் நிற்கும். அந்தச் சந்திப்பில் திரும்பலைத் தடை செய்யலாம், அல்லது திரும்புகிறவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். இரண்டும் முடியாத அகலமான சாலையில் தடத்தை நடுவுக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. பாஸ்டனின் கொலம்பஸ் அவென்யூவில் 2021 இறுதியில் அப்படித்தான் செய்தார்கள், ஒரு கிலோமீட்டருக்கு. நடுத்தடத்தில் சரக்கு வண்டியும் நிற்காது, திரும்புகிற காரும் வராது. ஆனால் நடுவில் நடைமேடை கட்ட வேண்டும், சிக்னல்களை மாற்றியமைக்க வேண்டும். கூம்பின் விலையில் அது முடியாது.

இத்தனை விநாடிகளை மிச்சம் பிடிப்பதால் பயணிக்கு என்ன, இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேருவார், அவ்வளவுதானே என்று கேட்கலாம். பேருந்துத் தடம் ஒன்றில் சிறு தாமதம் சிறிதாகவே இருப்பதில்லை. ஒரு சிக்னலில் மாட்டி ஒரு நிமிடம் பிந்திய பேருந்துக்காக அடுத்த நிறுத்தத்தில் ஒரு நிமிடக் கூட்டம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அவர்களை ஏற்றுவதில் இன்னும் பிந்தும். அதன் பின்னால் வருவதற்கு ஆள் குறைவு, அது முந்தும். கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், முன்னது பிதுங்கியும் பின்னது காலியாகவும். நெவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இலேயே இதைச் சமன்பாடாக எழுதிவிட்டார்கள். பத்து நிமிடத்துக்கொரு பேருந்து சீராக வந்தால் நிறுத்தத்தில் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே பேருந்துகள் ஜோடி ஜோடியாக, இரண்டு நிமிட இடைவெளி, பதினெட்டு நிமிட இடைவெளி என்று மாறி மாறி வந்தால் எட்டு நிமிடத்துக்கு மேல். ஏனென்றால் நாம் நிறுத்தத்துக்கு வரும் நேரம் நீண்ட இடைவெளிக்குள் விழவே வாய்ப்பு அதிகம். ஒரு பேருந்துகூடக் குறையவில்லை, பயணிக்கு மூன்று நிமிடம் நஷ்டம். சிக்னல் சலுகையின் பெரிய பரிசு சராசரியைக் குறைப்பதில் இல்லை, இந்தச் சிதறலைக் குறைப்பதில்தான்.

போக்குவரத்துக் கழகத்துக்கும் இதில் வரவு உண்டு. போய்வர அறுபது நிமிடம் ஆகிற தடத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒன்று விட வேண்டுமென்றால் பத்துப் பேருந்தும் அதற்கேற்ற ஓட்டுநர்களும் வேண்டும். அதை 48 நிமிடமாக்கினால் எட்டுப் பேருந்து போதும். அல்லது பத்தையும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று விடலாம். தெருவில் பூசிய வண்ணம், வாங்காத இரண்டு பேருந்தாகத் திரும்பி வருகிறது. ஆனால் வண்ணத்துக்குச் செலவு செய்வது மாநகராட்சி, மிச்சம் சேர்வது போக்குவரத்துக் கழகத்துக்கு. மலிவு மருந்துக்கு நகரங்கள் ஏன் தயங்குகின்றன என்று முன்னே விட்டுவைத்த கேள்விக்குப் பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. தெரு ஒருவருடையது, பேருந்து இன்னொருவருடையது, சரிவுப் பாதை மூன்றாமவருடையது. சுரங்கத்துக்கு ஒரே ஒரு திட்ட அலுவலகம், ஒரே ஒரு திறப்பு விழா. பத்து சிக்னலை மாற்றப் பத்துக் கையெழுத்து, விழா எதுவும் கிடையாது.

மலிவு மருந்து எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லவில்லை. 2018-இல் சில்வர் லைனை செல்சி நகரம் வரை நீட்டினார்கள். செல்சிக்குள் பழைய ரயில் பாதை ஓடிய நிலத்தில் பேருந்துக்கென்றே தனிச் சாலை. ஆனால் அங்கே போய்ச் சேருமுன் செல்சி ஸ்ட்ரீட் பாலத்தைக் கடக்க வேண்டும். அடியில் எண்ணெய்க் கப்பல்கள் போகும் ஓடை. கப்பல் வந்தால் பாலம் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். கப்பல் போய்ப் பாலம் இறங்கும்வரை பத்து இருபது நிமிடம் எல்லோரும் நிற்க வேண்டும். நீர்வழிக்கே முன்னுரிமை என்பது ஒன்றிய அரசின் சட்டம். இங்கே கூம்பும் பலிக்காது, சிவப்பு வண்ணமும் பலிக்காது. பாலம் தூக்கப்போகிறது என்ற தகவல் ஓட்டுநருக்குச் சில நிமிடம் முன்னால் கிடைத்தால், வேறு பாலம் வழியாகச் சுற்றிப் போகலாமா என்று அவர் முடிவெடுக்கலாம். நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கும் அதைப் பலகையில் காட்டிவிட்டால், அவர்களும் நடப்பதா நிற்பதா என்று முடிவு செய்துகொள்வார்கள்.